வாசகர் கேள்வி – பதில்: வேலையிடத்தில் ஆபத்தைத் தேடிப் பார்ப்பது எப்படி?

கேள்வி: ஏறத்தாழ அறுபது பேர் வேலை செய்யும் பனியன் கம்பெனியில் மேற்பார்வையாளராக இருக்கிறேன். மாதம் ஒருமுறை பாதுகாப்பு ஆய்வு நடத்தி எழுதித் தரும்படி முதலாளி சொல்லி, இரண்டு பக்கப் படிவம் ஒன்றையும் கொடுத்திருக்கிறார். எல்லாக் கட்டத்திலும் ‘ஆம்’ என்று டிக் அடித்துக் கொடுத்துவிட்டால் போதும் என்கிறார்கள் உடன் இருப்பவர்கள். உருப்படியாகச் செய்ய விரும்புகிறேன். எங்கிருந்து தொடங்குவது?
– எஸ்.கே., திருப்பூர்

பதில்: படிவம் வேண்டியதுதான். ஆனால் அதைத் தயாரித்தவர் உங்கள் கம்பெனியைப் பார்த்தவரல்லர் என்பதால், முதல் சுற்றில் அதைக் கையில் எடுக்காமல் போவது நல்லது. துணி உருளைகள் வந்து இறங்கும் இடத்தில் தொடங்கி, கட்டிங், தையல், செக்கிங், அயர்னிங், பேக்கிங் என்று துணி போகும் வழியிலேயே நீங்களும் போங்கள். ஒவ்வோர் இடத்திலும் சற்று நேரம் நின்று, வேலை நடக்கும் விதத்தைக் கவனியுங்கள். இயந்திரம் ஓடும்போது, அதுவும் அவசரத்தில் ஓடும்போதுதான், கை எங்கே போகிறது, நடைபாதையில் யார் எதை இறக்கி வைக்கிறார்கள், எந்த மூடியைக் கழற்றி ஓரமாக வைத்திருக்கிறார்கள் என்பதெல்லாம் தெரியவரும்.

ஆய்வுக்குப் போகும் நேரமும் முக்கியம். காலையில் பெருக்கித் துடைத்த தளத்தைப் பார்ப்பவருக்குப் பெரும்பாலான குறைகள் கண்ணில் படுவதில்லை. ஒன்றரை ஷிப்ட் ஓடும் நாளில் இரவு ஏழு மணிக்கு மேல் ஒருமுறை, சரக்கு ஏற்றுமதிக்குப் போகும் நாளில் ஒருமுறை, சனிக்கிழமை சம்பளப் பட்டுவாடாவுக்கு முன் எல்லோரும் கணக்கு முடிக்க விரையும் வேளையில் ஒருமுறை பாருங்கள். சரக்கு போகும் நாளில் அட்டைப்பெட்டிகள் எங்கே அடுக்கப்படுகின்றன? பல இடங்களில் அவை மாடிப்படியின் திருப்பத்திலும், அவசர வழி என்று பச்சை எழுத்தில் எழுதப்பட்ட கதவின் முன்னாலும்தான் அடுக்கப்படுகின்றன. மறுநாள் பெட்டிகள் போய்விடும். படிவத்தில் ‘வழி தடையின்றி இருக்கிறது’ என்று உண்மையாகவே எழுதிவிடலாம். தீ மட்டும் அந்த மறுநாள் வரை காத்திருக்காது. கதவைக் கையால் தள்ளிப் பாருங்கள். பூட்டியிருந்தால் சாவி யாரிடம் என்று கேட்டுவிட்டு நகராமல், வேலை நேரம் முழுவதும் உள்ளிருந்து சாவியின்றித் திறக்கும் கதவாக அதை மாற்றச் சொல்லுங்கள். துணி திருடு போகும் என்ற அச்சத்தில் கதவைப் பூட்டும் வழக்கம் உலகம் முழுவதும் உயிர்களைப் பறித்திருக்கிறது. 1911 மார்ச் 25 அன்று நியூயார்க்கின் டிரையாங்கிள் தையல் தொழிற்சாலையில் 146 பேர் மாண்டதற்குப் பூட்டப்பட்ட கதவும் ஒரு காரணம்.

இனி ஓவர்லாக் மெஷினுக்கு வருவோம். ஊசிக்கு மேலே கண்ணைக் காக்கும் தெளிவான பிளாஸ்டிக் தடுப்பு ஒன்று இருக்கும். உடைந்த ஊசித் துண்டு கண்ணில் தெறிக்காமல் அது தடுக்கிறது. பத்து மெஷினில் ஆறில் அது இல்லாமலோ, மேலே தூக்கி டேப் ஒட்டப்பட்டோ இருந்தால், ‘டெய்லர்கள் தடுப்பைப் பயன்படுத்துவதில்லை’ என்று எழுதி முடித்துவிடாதீர்கள். ஏன் தூக்கினார்கள் என்று கேளுங்கள். பிளாஸ்டிக் கீறல் விழுந்து மங்கிப்போய் ஊசி தெரிவதில்லை என்பார் ஒருவர். நூல் கோக்கும்போது ஒவ்வொரு முறையும் திருகைக் கழற்ற வேண்டியிருக்கிறது, பீஸ் ரேட்டில் அந்த நேரத்துக்கு யார் காசு தருவார் என்பார் இன்னொருவர். முதலாவதற்குப் புதிய தடுப்பு வாங்க வேண்டும். இரண்டாவதற்குக் கீல் வைத்த தடுப்பு பொருத்த வேண்டும். இரண்டுமே நிர்வாகம் செய்ய வேண்டியவை. டெய்லரைக் கண்டித்து ஒரு நோட்டீஸ் ஒட்டினால் இரண்டும் தீராது. கட்டிங் பிரிவில் எஃகு வலைக் கையுறை ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தாலும் இதே கேள்வியைக் கேளுங்கள். பெரும்பாலும் அது எவர் கைக்கும் பொருந்தாத அளவில் வாங்கப்பட்டதாக இருக்கும்.

கறை நீக்கும் மூலையைத் தவறாமல் பாருங்கள். ஒரு சிறு மேசை, ஒரு ஸ்பிரே கன், லேபிள் இல்லாத ஒரு பாட்டில், அதன் முன்னே நாள் முழுக்கக் குனிந்திருக்கும் ஒருவர். அந்த இடத்தில் புகைபோக்கி விசிறி இருப்பது அரிது. பாட்டிலில் இருப்பது என்ன என்று அவருக்குத் தெரிகிறதா? கறை நீக்கப் பயன்படும் கரைப்பான்களில் ஒன்றான ட்ரைகுளோரோஎதிலீன், மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆராய்ச்சி முகமையால் வகைப்படுத்தப்பட்டது. விற்றவரிடம் பொருளின் பாதுகாப்புத் தகவல் தாளைக் கேட்டு வாங்குவது உங்கள் ஆய்வின் ஒரு பகுதி. அதைத் தர மறுப்பவரிடம் அந்தப் பொருளை வாங்காதீர்கள்.

அயர்னிங் பகுதியில் நீராவிக் குழாயின் இணைப்புகள், காலடியில் ரப்பர் விரிப்பு, காற்றோட்டம் ஆகியவற்றைப் பாருங்கள். மின் பலகைக்கு அருகே துணி அடுக்கியிருக்கக் கூடாது. கசிவு மின்சாரத்தைத் துண்டிக்கும் கருவியின் சோதனைப் பொத்தானை மின்பணியாளரை வைத்து அழுத்திப் பார்க்கச் சொல்லுங்கள். துண்டிக்காவிட்டால் அந்தக் கருவி இருந்தும் இல்லாததுதான்.

கண்டதை எழுதும்போது இடம், ஆபத்து, அடிபடக் கூடியவர், சரிசெய்ய வேண்டியவரின் பெயர், தேதி ஆகிய ஐந்தும் ஒவ்வொரு குறைக்கும் இருக்க வேண்டும். ‘மின்வயர்கள் சீர்செய்யப்பட வேண்டும்’ என்ற வாக்கியத்தால் எவருக்கும் பொறுப்பு வருவதில்லை. அடுத்த மாதம் புதிய படிவத்தைத் தொடுவதற்கு முன், போன மாதத் தாளோடு போய் எது முடிந்தது, எது முடியவில்லை என்று பாருங்கள். ஒரே குறை மூன்று மாதம் தொடர்ந்து எழுதப்பட்டிருந்தால், அதை முதலாளியின் மேசைக்கு நீங்களே நேரில் கொண்டுபோக வேண்டும்.

கேள்வி: சாயப்பட்டறை ஒன்றில் வேலை செய்கிறேன். எங்கள் கழிவுநீர்த் தொட்டியை ஆண்டுக்கு ஓரிரு முறை சுத்தம் செய்ய வெளியாட்களைக் கூட்டி வருகிறார்கள். ஆய்வுப் பட்டியலில் ‘தொட்டி மூடியிருக்கிறதா’ என்ற கேள்வி மட்டும்தான் இருக்கிறது. அது போதுமா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகர், ஈரோடு மாவட்டம்

பதில்: போதாது. இந்த இதழின் கேள்விகளில் மிகவும் கவலை தந்தது உங்களுடையதுதான். மூடிய தொட்டியால் அன்றாடம் ஆபத்து இல்லை. அதைத் திறந்து ஆள் இறங்கும் அந்த ஓரிரு நாள்களில்தான் சாவு நிகழ்கிறது. அன்றைக்கு ஆய்வு நடப்பதும் இல்லை, இறங்குபவர் பெயர் வருகைப் பதிவேட்டில் இருப்பதும் இல்லை.

தேங்கிய கழிவில் ஹைட்ரஜன் சல்பைடு வாயு உண்டாகிறது. அது காற்றைவிடக் கனமானது என்பதால் தொட்டியின் அடியில் தங்கும். சேற்றைக் கிளறும்போது திடீரென்று பெருமளவில் வெளிவரும். அழுகிய முட்டை நாற்றம் அடித்தால் ஏறிவிடலாம் என்று பலர் நம்புகிறார்கள். இந்த நம்பிக்கை உயிரைக் குடிக்கும். பத்து லட்சத்தில் நூறு பங்கு என்ற அளவை எட்டும்போதே இந்த வாயு மோப்ப உணர்வைச் செயலிழக்கச் செய்துவிடுகிறது. நாற்றம் போய்விட்டது, காற்று தெளிந்துவிட்டது என்று உள்ளே இருப்பவர் நினைக்கும் நேரத்தில்தான் அளவு கூடிக்கொண்டிருக்கும். விளக்கைக் கயிற்றில் கட்டி இறக்கி, அணையாவிட்டால் இறங்கலாம் என்று பார்க்கும் பழக்கத்தையும் நிறுத்த வேண்டும். விளக்கு எரிவது பிராணவாயு இருப்பதைத்தான் காட்டும். நச்சு வாயு இருப்பதைக் காட்டாது. மீத்தேன் இருந்தாலோ அந்த விளக்கே தொட்டியைத் தீப்பற்ற வைத்துவிடும். முகத்தில் கட்டும் துணியும், தூசிக்கான முகக்கவசமும் இங்கே எந்தப் பாதுகாப்பும் தருவதில்லை.

2025 நவம்பர் வரை நடப்பில் இருந்த 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 36ஆவது பிரிவு இதைத் தெளிவாகச் சொன்னது. வாயுவை அகற்றச் செய்யத்தக்கதெல்லாம் செய்யப்பட்டிருக்க வேண்டும்; அதன்பின், தகுதியுள்ள ஒருவர் தாமே சோதித்துப் பார்த்து, ஆள் இறங்கலாம் என்று எழுத்தில் சான்று தந்திருக்க வேண்டும்; இல்லையென்றால் இறங்குபவர் சுவாசக் கருவி அணிந்து, இடுப்புப் பட்டையில் கட்டிய கயிற்றின் மறுமுனையை வெளியே ஒருவர் பிடித்திருக்க வேண்டும். சோதனை என்பது வாயு அளவிடும் கருவியைத் தொட்டியின் மேல், நடு, அடி ஆகிய மூன்று மட்டங்களிலும் இறக்கிப் பார்ப்பது. முதலில் பிராணவாயு, அது 19.5 சதவீதத்துக்குக் குறைந்தால் இறங்கவே கூடாது. அடுத்து எரியும் வாயு, அதற்கடுத்து நச்சு வாயு. வேலை நடக்கும் நேரம் முழுவதும் கருவி உள்ளேயே இருக்க வேண்டும். காலையில் எடுத்த அளவு மதியத்துக்குப் பொருந்தாது. உள்ளே கொண்டுபோகும் கைவிளக்கு 24 வோல்ட்டுக்கு மேற்பட்டதாக இருக்கக் கூடாது என்றும் அதே சட்டம் சொன்னது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இறங்கியவர் மயங்கினால், அவரைத் தூக்க அடுத்தவர் குதிக்கிறார். அவரைத் தூக்க மூன்றாமவர். அமெரிக்காவின் தேசியத் தொழில்சார் பாதுகாப்பு, சுகாதார நிறுவனம் 1986இல் வெளியிட்ட எச்சரிக்கையில், இத்தகைய அடைபட்ட இடங்களில் மாண்டவர்களில் 60 சதவீதத்துக்கும் மேற்பட்டோர் காப்பாற்றப் போனவர்கள் என்று கூறியது. நம் ஊர்ச் செய்திகளில் ஒரே தொட்டியில் இருவர், மூவர் என்று படிப்பதன் காரணமும் இதுவே. கயிற்றோடு வெளியே நிற்பவர் எக்காரணத்தைக் கொண்டும் இறங்கக் கூடாது என்பதையும், உள்ளே இருப்பவரை மேலிருந்தே தூக்க, தொட்டியின் வாய்மேல் நிறுத்தும் முக்காலியும் கயிற்றைச் சுற்றி இழுக்கும் சுழலியும் அங்கே இருக்க வேண்டும் என்பதையும் உங்கள் பட்டியலில் சேருங்கள். அதைவிட நல்லது, ஆள் இறங்கத் தேவையில்லாதபடி சேற்றை வெளியிலிருந்தே உறிஞ்சி எடுக்கும் இயந்திரத்தை வரவழைப்பது. தொட்டி கழிப்பறையின் மலத்தொட்டி என்றால் அதை விருப்பத் தேர்வாகக் கருத முடியாது. பாதுகாப்புக் கருவிகளின்றி அதில் ஆளை இறக்குவது, கையால் மலம் அள்ளுவதைத் தடை செய்யும் 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி தண்டனைக்குரிய குற்றம். அப்படி இறப்போரின் குடும்பத்துக்கு 30 லட்சம் ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2023 அக்டோபரில் தீர்ப்பளித்திருக்கிறது. வெளியாள், ஒப்பந்தக்காரரின் ஆள் என்பதால் பொறுப்பு உங்கள் முதலாளியை விட்டுப் போய்விடாது.

கேள்வி: எங்கள் கம்பெனிக்கு வெளிநாட்டு பையர் அனுப்பும் ஆய்வாளர்கள் வருவதற்கு முதல் நாளே, என்ன கேட்டால் என்ன சொல்ல வேண்டும் என்று சூப்பர்வைசர் பாடம் நடத்துகிறார். நாங்களும் அப்படியே சொல்கிறோம். இப்படி நடக்கும் ஆய்வால் எங்களுக்கு என்ன பயன்?
– தையல் தொழிலாளி ஒருவர், திருப்பூர்

பதில்: சகோதரி, இப்படி நடக்கும் ஆய்வால் உங்களுக்குப் பயன் இல்லை, கம்பெனிக்கு ஒரு சான்றிதழ் கிடைக்கும், அவ்வளவுதான். கராச்சியின் அலி என்டர்பிரைசஸ் ஆடைத் தொழிற்சாலை 2012இல் சர்வதேசத் தரச் சான்றிதழ் ஒன்றைப் பெற்றது. சில வாரங்களில், செப்டம்பர் 11 அன்று, அங்கே தீப்பற்றி 250 பேருக்கு மேல் மாண்டார்கள். ஜன்னல்களில் கம்பி, வெளியேறும் வழிகளில் பூட்டு. உள்ளே வேலை செய்தவர்கள் நாள்தோறும் பார்த்த பூட்டுகள் அவை. டாக்காவை அடுத்த சவாரில் ராணா பிளாசா கட்டடம் 2013 ஏப்ரல் 24 அன்று இடிந்து 1,134 பேர் இறந்ததற்கு முதல் நாளே சுவரில் விரிசல் தெரிந்தது. கீழே இருந்த வங்கி தன் ஊழியர்களை அனுப்பிவிட்டது. தையல் தொழிலாளர்களை மட்டும் மறுநாள் உள்ளே போகச் சொன்னார்கள். போக மாட்டோம் என்று சொல்லும் நிலையில் அவர்கள் இருக்கவில்லை.

ஆகவே உங்கள் தயக்கத்தை நான் குறை சொல்லவில்லை. சட்டம் உங்களுக்கு என்ன தந்திருக்கிறது என்பதை மட்டும் சொல்கிறேன். உங்கள் உடல்நலம், பாதுகாப்பு தொடர்பான தகவலை நிர்வாகத்திடம் கேட்டுப் பெறும் உரிமை உங்களுக்கு உண்டு. புகார் செய்ய வேண்டிய இடம், தமிழக அரசின் தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககம். புகார் கொடுத்தவர் யார் என்பதை ஆய்வாளர் வெளியே சொல்லக் கூடாது என்று 2025 நவம்பர் வரை நடப்பில் இருந்த தொழிற்சாலைகள் சட்டத்தின் 118ஏ பிரிவு கட்டளையிட்டது. புகாரில் ‘பாதுகாப்பு சரியில்லை’ என்று பொதுவாக எழுதாமல், ‘இரண்டாம் மாடி வடக்குக் கதவு இரவு எட்டு மணிக்குப் பூட்டப்படுகிறது’ என்பதுபோல எழுதுங்கள். ஆய்வாளர் எங்கே, எப்போது போய்ப் பார்க்க வேண்டும் என்பது அதிலேயே இருக்கும்.

இதைப் படிக்கும் ஆய்வாளர்களுக்கும் ஒரு வேண்டுகோள். சூப்பர்வைசர் பக்கத்தில் நிற்கும்போது கேட்ட பதிலை எழுதாதீர்கள். தொழிலாளியைத் தனியாகச் சந்தியுங்கள். ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் வந்து விடுதியில் தங்கியிருப்போரிடம் அவர்கள் மொழியிலேயே பேச ஓர் ஆளைக் கூட்டிப் போங்கள். ‘எல்லாம் சரியாக இருக்கிறதா’ என்று கேட்டால் ஆம் என்றுதான் பதில் வரும். ‘கடைசியாக இங்கே யாருக்கு அடிபட்டது, எந்த மெஷினில்’ என்று கேட்டால் அவர்களே கூட்டிக்கொண்டு போய்க் காட்டுவார்கள்.

கேள்வி: நூற்பாலையில் பணி. கண்ணுக்குத் தெரியும் ஆபத்தைப் பார்த்துவிடலாம். இரைச்சலையும் பஞ்சுத் தூசியையும் கருவி இல்லாமல் எப்படி ஆய்வு செய்வது?
– கோவை வாசகர்

பதில்: அளவிடக் கருவிதான் வேண்டும், ஆனால் அளவிட வேண்டிய இடம் எது என்று அறியக் கருவி தேவையில்லை. ஒரு கை தூரத்தில் நிற்பவரிடம் கத்திப் பேச வேண்டியிருந்தால், அங்கே இரைச்சல் 85 டெசிபலை எட்டியிருக்கும் என்று கொள்ளலாம். எட்டு மணி நேர வேலைக்கு இந்தியத் தொழிற்சாலை விதிகள் 90 டெசிபலை வரம்பாக வைத்திருக்கின்றன. காது கெடுவது அதற்கு முன்பே தொடங்கிவிடுகிறது. தூசிக்கு, வார விடுமுறை முடிந்து வேலைக்குத் திரும்பும் முதல் நாளில் நெஞ்சு இறுகுகிறதா என்று தொழிலாளர்களைக் கேளுங்கள். அடுத்த நாள்களில் அது தணிந்துவிடும் என்பதால் எவரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. பிசினோசிஸ் என்னும் பஞ்சுத்தூசி நுரையீரல் நோயின் ஆரம்ப அறிகுறி அதுவே. அந்த நோயும் இரைச்சலால் வரும் செவித்திறன் இழப்பும் 2020ஆம் ஆண்டுப் பணிப்பாதுகாப்புச் சட்டத் தொகுப்பின் மூன்றாம் அட்டவணையில் இருப்பவை; அவற்றைக் கண்டறியும் மருத்துவர் அரசுக்குத் தெரிவிக்கக் கடமைப்பட்டவர்.

ஷிப்ட் முடியும்போது ஏர் கன்னால் உடையிலிருந்து பஞ்சை ஊதித் தள்ளும் பழக்கம் உங்கள் ஆலையிலும் இருக்கும் என்று நினைக்கிறேன். படிந்த தூசியை எல்லோர் மூச்சுக்கும் அனுப்புவதோடு, அழுத்தக் காற்று கண்ணையும் செவிப்பறையையும் கிழிக்கக் கூடியது. உறிஞ்சும் குழாய் வைத்துத் தாருங்கள்; பழக்கம் தானாக மாறும்.

கேள்வி: ஜவுளிக்கடையில் விற்பனையாளராக இருக்கிறேன். தொழிற்சாலைக்குத்தானே இந்த ஆய்வெல்லாம்?
– மதுரை வாசகி

பதில்: இல்லை. உங்கள் கடையிலும் படிக்கட்டில் துணிமூட்டை, பூட்டிய பின்கதவு, ஒரே பிளக்கில் நான்கு இணைப்பு ஆகியவற்றைத் தேட வேண்டும். அவற்றோடு நாற்காலிகளையும் எண்ணிப் பாருங்கள். தமிழகத்தில் கடைகள், நிறுவனங்கள் சட்டம் 2021இல் திருத்தப்பட்டு, பணியாளர் உட்கார இருக்கை தர வேண்டியது கட்டாயமாக்கப்பட்டது. நாள் முழுக்க நிற்பதால் வரும் கால் நரம்பு வீக்கமும் முதுகு வலியும் வேலையிட ஆபத்துகளே. இருக்கை இருந்தும் உட்காரவிடாத கடைகளில், இருக்கை இருப்பதை ஆய்வாளர் குறித்துக்கொண்டு போவதில் பொருளில்லை.

கேள்வி: 2020ஆம் ஆண்டின் புதிய பணிப்பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு வந்த பிறகு பழைய விதிகளின்படி ஆய்வு செய்யத் தேவையில்லை என்கிறார் எங்கள் மேலாளர். சரியா?
– ஓசூர் வாசகர்

பதில்: சரியல்ல. அந்தத் தொகுப்பு 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்திருக்கிறது. எத்தனை தொழிலாளர் இருந்தால் தொழிற்சாலை என்னும் வரம்பு மின்சக்தி பயன்படுத்தும் இடங்களில் பத்திலிருந்து இருபதாக உயர்ந்திருக்கிறது. ஆய்வாளரின் பதவிப் பெயரும் மாறியிருக்கிறது. இந்த வரம்பு உயர்வு சிறு பட்டறைகளில் வேலை செய்வோருக்கு நல்லதல்ல என்பது என் கருத்து. ஆனால் ஆபத்தில்லாத வேலையிடத்தைத் தர வேண்டிய முதலாளியின் கடமையும், உடனடி ஆபத்து இருப்பதாக அஞ்சும் தொழிலாளி அதை நிர்வாகத்தின் கவனத்துக்குக் கொண்டுவரும் உரிமையும் புதிய தொகுப்பிலும் இருக்கின்றன. மேலாளரிடம் புதிய தொகுப்பின் ஆறாவது, பதினான்காவது பிரிவுகளைப் படித்துக் காட்டச் சொல்லுங்கள்.

கேள்வி: ஆய்வில் கண்ட குறைகளுக்கெல்லாம் கையுறை, முகக்கவசம், காதடைப்பான் வாங்கிக் கொடுத்துவிட்டோம். இனி ஆய்வில் எதைப் பார்ப்பது?
– கரூர் வாசகர்

பதில்: வாங்கிக் கொடுத்ததை வரிசையின் கடைசிப் படியாக வைத்து, மேலிருந்து மறுபடி பாருங்கள். அந்த ஆபத்தை அடியோடு நீக்க முடியுமா? தீங்கு குறைந்த வேறு பொருளுக்கு மாற முடியுமா? தடுப்பு, உறை, உறிஞ்சும் விசிறி ஆகியவற்றால் ஆளிடமிருந்து அதைப் பிரிக்க முடியுமா? வேலை நேரத்தையும் முறையையும் மாற்ற முடியுமா? இந்த நான்குக்கும் விடை கண்ட பிறகு மிச்சமிருக்கும் ஆபத்துக்குத்தான் முகக்கவசம். கரைப்பான் ஆவிக்குத் தூசிக் கவசம் வாங்கிக் கொடுத்திருக்கிறீர்களா என்பதையும் பாருங்கள். ஆவியைப் பிடிக்கக் கரி வடிகட்டி உள்ள கவசம் வேண்டும், அதையும் கெடு முடிவதற்குள் மாற்ற வேண்டும். கோடையில் தகரக் கூரையின் கீழே அதை அணிந்தபடி எட்டு மணி நேரம் வேலை செய்ய முடியுமா என்று அறிய, அடுத்த ஆய்வின்போது நீங்களும் ஒன்றை அணிந்துகொண்டு அவர்களோடு ஒரு மணி நேரம் நில்லுங்கள்.